லினக்ஸுக்குப் பூ கட்டிப் பார்த்தோம்

மின்னஞ்சலின் கடைசி வரி இப்படி இருந்தது: உங்கள் கணினியில் லினக்ஸ் நிறுவியிருக்க வேண்டும், எந்த வகை என்பது உங்கள் விருப்பம். 'உங்கள் விருப்பம்' என்ற அந்த இரண்டு சொற்கள்தான் என்னைப் பதினைந்து நாள் படுத்தி எடுத்தன.

கல்லூரி முடித்து ஜவ்வாது மலைக்குத் திரும்பி அப்போது இரண்டு வருடம் ஆகியிருந்தது. இரண்டு மாதம் இருந்துவிட்டுப் போவதாகச் சொல்லித்தான் வந்தேன். அந்த வருடம்தான் அப்பா இறந்திருந்தார். வீட்டில் நானும் அம்மாவும், இரண்டு மாடு, ஒன்றரை ஏக்கர் சாமைக் காடு, ஆறு புளியமரம். அந்த இரண்டு மாதம் இரண்டு வருடமானது இப்படித்தான்: மாட்டுக்குக் கழுநீர் வைத்தேன், புளி உலுக்கினேன், வேலைக்கு விண்ணப்பம் போட்டேன், மறுபடி கழுநீர் வைத்தேன். காலையில் போளூருக்கு இறங்கும் பஸ் எங்கள் ஊர் வளைவில் ஹாரன் அடிக்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரியும். அதில் யாரோ போகிறார்கள், நான் போகவில்லை. மலை அழகாக இருக்கிறது என்று யாராவது சொன்னால் அவர்களை அங்கேயே ஒரு வருடம் கட்டிப்போட வேண்டும் என்று தோன்றும்.

சென்னையில் வேலை பார்த்த என் கல்லூரித் தோழிதான் என் பெயரை அவள் அலுவலகத்தில் சொல்லி வைத்தாள். ஒரு மாதம் வீட்டிலிருந்தே பயிற்சி, முடிவில் ஒரு தேர்வு, தேறினால் சென்னையில் வேலை. பயிற்சி ஒரு திங்கட்கிழமை தொடங்கும். அன்றைக்குக் கணினி தயாராக இல்லையென்றால் இடம் அடுத்த ஆளுக்குப் போய்விடும். அதை அவள் இரண்டு முறை சொன்னாள். என்னுடைய சுபாவம் அவளுக்குத் தெரியும்.

லினக்ஸ் என்பது விண்டோஸ் போலக் கணினியை இயக்குகிற அடிப்படை. இலவசம். உலகத்தில் யார் வேண்டுமானாலும் எடுத்துத் தன் கைப்பக்குவத்தில் மாற்றி வெளியிடலாம் என்பதால் நூற்றுக்கணக்கில் வகைகள். ஒவ்வொரு வகைக்கும் டிஸ்ட்ரோ என்று பெயர். எல்லாம் சாம்பார்தான், ஆனால் வீட்டுக்கு வீடு வேறு. இது எனக்குக் கல்லூரியிலேயே தெரிந்திருக்க வேண்டும். புத்தகத்தில் படித்திருந்தேன், தேர்விலும் எழுதியிருந்தேன். நீச்சலைப் பற்றி எழுதச் சொன்னால் அதையும்தான் எழுதியிருப்பேன்.

என்னிடம் இருந்தது பிளஸ் டூவில் அரசாங்கம் கொடுத்த லேப்டாப். முதல் முதலாக அதைத் திறந்தபோது கறுப்புத் திரையில் இரண்டு வரி வந்தது ஞாபகம் இருக்கிறது. மேலே இருப்பதை மட்டும்தான் அழுத்த வேண்டும், கீழே இருப்பதைத் தொட்டால் லேப்டாப் கெட்டுவிடும் என்று வகுப்பில் ஒரு பேச்சு இருந்தது. யார் கிளப்பியது என்று தெரியாது. நாங்கள் எல்லாரும் பயபக்தியோடு மேல் வரியையே அழுத்தினோம். கல்லூரி இரண்டாம் வருடத்தில் படம் சேர்த்து வைக்க இடம் போதவில்லை என்று போளூரில் ஒரு கடைக்குக் கொண்டுபோய், அந்தக் கீழ் வரியை அடியோடு அழித்துக் கொடுக்கச் சொன்னேன். அது ஒரு லினக்ஸ். வீட்டுக்குள் இரண்டு வருடம் உட்கார்ந்திருந்ததை என் கையால் துடைத்து எறிந்துவிட்டு, இப்போது அதையே தேடி அலைகிறேன் என்பது மின்னஞ்சல் வந்த மறுநாள்தான் உறைத்தது.

எங்கள் வீட்டில் சிக்னல் கிடையாது. சாமைக் காட்டுக்கு மேலே ஒரு பாறை உண்டு. அதன் தெற்கு ஓரத்தில் பலாமரத்தடியில் உட்கார்ந்தால் மூன்று கோடு வரும். ஒன்பது நாள் அந்தப் பாறையில் உட்கார்ந்து கேட்டேன், படித்தேன், வீடியோ பார்த்தேன். தோழி உபுண்டு என்றாள். அலுவலகத்தில் அதுதான், சந்தேகம் வந்தால் சொல்லித் தருவேன் என்றாள். வீடியோவில் ஒருவர் பழைய லேப்டாப்புக்கு மின்ட்தான் என்று சத்தியம் செய்தார். இன்னொருவர் ஃபெடோரா என்றார். ஒரு விவாதக் களத்தில் 'புதிதாக வருகிறேன், எதை எடுக்கட்டும்' என்று எழுதினேன். பதினாறு பேர் பதில் போட்டு, நான்காவது பதிலிலேயே என்னை மறந்துவிட்டுத் தங்களுக்குள் சண்டை போட ஆரம்பித்தார்கள். கடைசியில் ஒரு நல்ல மனிதர் 'எல்லாவற்றையும் போட்டுப் பாருங்கள், பிடித்ததை வைத்துக்கொள்ளுங்கள்' என்றார்.

போட்டுப் பார்ப்பதாம். என் ரீசார்ஜில் ஒரு நாளைக்கு ஒன்றரை ஜிபி. மின்ட் மூன்று ஜிபிக்குக் கொஞ்சம் குறைவு, இரண்டு நாள். உபுண்டு ஆறு ஜிபி, நான்கு நாள். கையில் இருந்தது ஒரே ஒரு பென்டிரைவ். லேப்டாப்பில் விண்டோஸையும் வைத்துக்கொண்டு இன்னொன்றையும் வைக்க இடமில்லை. இருப்பதை அழித்துவிட்டுத்தான் புதியதைப் போட வேண்டும். அது சரிப்பட்டு வரவில்லையென்றால் திரும்பிப் போக விண்டோஸும் இருக்காது. ஒரு முறைதான் குதிக்க முடியும். எந்தப் பக்கம் குதிப்பது என்று தெரியாமலே ஒன்பது நாளும் ஒன்பது நாளுக்கான ஜிபியும் போயின. தினம் காலையில் ஒரு முடிவு எடுப்பேன், மாலைக்குள் அது செத்துப்போகும். இந்த மலையை விட்டுப் போக வழியில்லை என்று அழுதுகொண்டிருந்தவளுக்கு ஒரே நேரத்தில் நூறு வழி காட்டினால் என்ன ஆகும் என்று அப்போதுதான் தெரிந்தது. நின்ற இடத்திலேயே நின்றேன்.

பத்தாம் நாள் காலை கம்பங்கூழைக் குடிக்காமல் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். என்ன என்று அம்மா கேட்டாள். மின்ட்டா உபுண்டுவா என்று அவளிடம் சொல்லி என்ன பயன்? எரிச்சலில், பேசாமல் வேடியப்பன் சாமியிடம் பூ கட்டித்தான் பார்க்க வேண்டும் என்றேன். கிண்டலுக்குச் சொன்னது. அம்மா எழுந்து போய்க் குளித்துவிட்டு வந்தாள்.

பூ கட்டிப் பார்ப்பது எங்கள் ஊரில் பெண் கொடுக்க, நிலம் வாங்க, ஆபரேஷனுக்குப் போக. இரண்டு பூவைத் தனித்தனியாகத் தாளில் மடித்து, வெளியே அடையாளம் தெரியாமல் சாமி முன்னால் வைப்பார்கள். எந்தப் பூ வந்தால் என்ன என்று முன்னாலேயே மனதுக்குள் சொல்லிக்கொள்ள வேண்டும். விஷயத்துக்குச் சம்பந்தமில்லாத, உறவில்லாத ஆள் ஒரு பொட்டலத்தை எடுக்க வேண்டும். வந்தது வந்ததுதான். பிடிக்கவில்லை என்று இரண்டாம் முறை கேட்கக் கூடாது. கேட்டால் சாமி அந்த வீட்டோடு பேசாது.

சாமைக் காட்டுக்குப் போகும் கீழ் வழியில் புங்கமரத்தடியில் வேடியப்பன் கல் இருக்கிறது. அம்மா நந்தியாவட்டையையும் செவ்வரளியையும் நாள்காட்டித் தாளில் மடித்து வைத்தாள். வெள்ளை வந்தால் மின்ட், சிவப்பு வந்தால் உபுண்டு என்று நான் சொன்னேன். கண்ணை மூடிக் கும்பிட்டுக்கொள்ளச் சொன்னாள். நான் மூடிய மாதிரி மூடித் திறந்தேன். அவள் வெகுநேரம் மூடியிருந்தாள்.

அடுத்தது ஆள். எங்கள் ஊரில் உறவில்லாத ஆளுக்கு எங்கே போவது? எல்லாரும் மாமன், சித்தப்பன், கொழுந்தி. அன்றைக்குச் செங்கத்திலிருந்து புளி எடுக்க ஒரு வியாபாரி வந்திருந்தார். அம்மா போய் அவரைக் கூட்டிக்கொண்டு வந்துவிட்டாள். அவர் கையைக் கழுவிவிட்டுக் கூச்சத்தோடு நின்றார்.

"இன்னா விசயம்மா, பொண்ணு கல்யாணங்களா?" என்றார்.

"படிப்பு விசயம்ங்க" என்றாள் அம்மா.

அவர் எடுத்தார், பிரித்தார். செவ்வரளி.

எனக்குச் சப்பென்று ஆகிவிட்டது. மனதுக்குள் வெள்ளையைத்தான் எதிர்பார்த்திருக்கிறேன் போல. உபுண்டு என்றால் நான்கு நாள், திங்கட்கிழமைக்கு இருப்பது ஆறு நாள். அம்மாவைத் திரும்பிப் பார்த்தேன். அவள் முகம் செத்துப் போயிருந்தது. சாமி முன்னால் நின்றால் அவள் முகம் அப்படித்தான் ஆகும் என்று நினைத்துக்கொண்டேன். வியாபாரிக்கு மோர் கொடுத்து அனுப்பினோம்.

முடிவு வேறு யாரோ எடுத்துவிட்டார்கள் என்பதில் ஒரு சுகம் இருந்தது, பொய் சொல்லக் கூடாது. பாறைக்குப் போய்ப் பதிவிறக்கத்தை ஆரம்பித்தேன். முதல் நாள் ஒன்றரை ஜிபி, இரண்டாம் நாள் இன்னொரு ஒன்றரை; மாலையில் அப்படியே நிறுத்தி வைத்து, லேப்டாப்பை மூடாமலே வீட்டுக்குத் தூக்கிப் போனேன். மூன்றாம் நாள் கால்வாசி ஓடிக்கொண்டிருக்கும்போது மாடு சாமைப் போரில் வாய் வைப்பதைப் பார்த்து, லேப்டாப்பை மூடி வைத்துவிட்டு ஓடினேன். திரும்பி வந்து திறந்தால் எல்லாம் அறுந்து பூஜ்யத்தில் நின்றது. அறுந்த இடத்திலிருந்து தொடர ஒரு கட்டளை இருக்கிறது, அதில் போட்டிருக்க வேண்டும் என்று தோழி போனில் சொன்னாள். இதை முதலிலேயே சொல்வதற்கென்ன என்று அவள் மேல் எரிந்து விழுந்தேன். பாவம், அவளுக்கு மூடியைச் சாத்துவேன் என்று எப்படித் தெரியும்?

அழுதேன். சத்தமாகவே அழுதேன், பாறையில் யார் கேட்கப் போகிறார்கள். மறுநாளிலிருந்து எண்ணினால் மூன்று நாள், நாலரை ஜிபி, வேண்டியது ஆறு. மின்ட் என்றால் இரண்டு நாளில் முடிந்துவிடும். வீட்டுக்கு வந்து, நான் வெள்ளைக்கே மாறப்போகிறேன் என்று அம்மாவிடம் சொன்னேன்.

"மாத்தாத" என்றாள்.

கணக்கைச் சொன்னேன். இது வெறும் கம்ப்யூட்டர் சமாச்சாரம், இதற்கெல்லாம் சாமி கோபித்துக்கொள்ளாது என்றும் சொன்னேன். அம்மா என்னை அதட்டுகிறவள் அல்ல. அன்றைக்கு அதட்டினாள்.

"உங் கேள்விக்கு அது இன்னா சொல்லுச்சோ அதத்தான் நீ போடணும். என் போன்லயும் ஒன்னர இருக்குது இல்ல? அத எடுத்துக்கோ."

அவள் போனில் அவள் பேசுவதோடு சரி. அதற்கும் என்னுடையதைப் போலவே ரீசார்ஜ்; தினமும் ஒன்றரை ஜிபி தொடாமலே வீணாகிக்கொண்டிருந்தது. இரண்டும் சேர்ந்தால் நாளைக்கு மூன்று. ஆறு ஜிபி இரண்டே நாள். இவ்வளவு நாள் என் புத்தியில் ஏன் இது ஏறவில்லை என்று என்னையே திட்டிக்கொண்டேன்.

இரண்டு நாளும் அம்மா வேலையைப் போட்டுவிட்டு என்னோடு பாறையில் உட்கார்ந்தாள். மார்ச் வெயில். அவள் போன் சூடாகிச் சூடாகி அணையப் பார்த்தது. அதைப் பலாமர நிழலில் வைத்து முந்தானையால் விசிறினாள். திரையில் கோடு நகர்வதை என்னைவிட அவள்தான் உற்றுப் பார்த்தாள். சென்னையில் மழை பெய்தால் வீட்டுக்குள் தண்ணீர் வருமாமே என்று ஒருமுறை கேட்டாள். மாடியில் தங்கினால் வராது என்றேன். அவள் மறுபடி விசிற ஆரம்பித்தாள்.

அந்த இரண்டு நாளும் அவள் மேல் வழியாகத்தான் வந்தாள். மேல் வழி சரளைக்கல்லும் ஏற்றமும். அவள் முழங்காலுக்கு ஆகாது. ஏன் சுற்றுகிறாய் என்று கடிந்துகொண்டேன். கீழ் வழியில் யாரோ முள் வெட்டிப் போட்டிருக்கிறார்கள் என்றாள். நான் கீழ் வழியில்தான் போய்வந்தேன். முள்ளைப் பார்த்த ஞாபகம் இல்லை. அள்ளியிருப்பார்கள் என்று விட்டுவிட்டேன்.

ஞாயிற்றுக்கிழமை காலை பென்டிரைவிலிருந்து உபுண்டு எழுந்தது. 'வட்டில் உள்ள அனைத்தும் அழிக்கப்படும்' என்ற கேள்வி வந்தபோது விரல் நின்றுவிட்டது. கல்லூரிப் படங்களையெல்லாம் போனுக்கு மாற்றியிருந்தேன். இருந்தாலும் நின்றது. அழுத்தினேன். முக்கால் மணி நேரத்தில் முடிந்தது. முடிந்ததும் வைஃபை வேலை செய்யவில்லை. ஒரு மணி நேரம் உயிர் போய் வந்தது. போனைக் கேபிளால் நேராக லேப்டாப்பில் இணைத்தால் வேலை செய்யும் என்று தோழி சொன்னாள், செய்தது. கேபிள் ஒரு முழம்தான். அந்த ஒரு மாதமும் பாறையில் முளையடித்துக் கட்டிய ஆடு மாதிரி அந்த ஒரு முழத்துக்குள் உட்கார்ந்து படித்தேன். என் லேப்டாப்புக்கு உபுண்டு கனம்தான். ஒன்றைத் திறந்தால் இன்னொன்றை மூட வேண்டும். ஆனால் நின்று விளையாடியது. பயிற்சியில் என்னோடு இருந்தவர்கள் ஆளுக்கொன்று வைத்திருந்தார்கள். யாரும் யாரையும் நீ எதை வைத்திருக்கிறாய் என்று கேட்கக்கூட இல்லை. இதற்கா ஒன்பது நாள் சோறு இறங்காமல் கிடந்தேன் என்று இருந்தது.

தேர்வு எழுதினேன். தேறினேன். எட்டு நாளில் சென்னைக்கு வரச் சொன்னார்கள்.

அன்றைக்கு வாசலில் இருவரும் உட்கார்ந்து மிச்சப் புளியைத் தட்டிக் கொட்டை எடுத்துக்கொண்டிருந்தோம். எனக்குத் தலைகால் புரியவில்லை. இரண்டு வருடத்துக்குப் பிறகு முதன்முறையாக அந்த மலை மேல் எனக்குப் பிரியம் வந்திருந்தது. விட்டுப் போகப் போகிறோம் என்றால் எல்லாமே நல்லதாகத்தான் தெரியும். அம்மாவைச் சீண்டுவதற்காக, உன் வேடியப்பன் கம்ப்யூட்டர் இன்ஜினியர்தான், சரியானதைத்தான் எடுத்துக் கொடுத்திருக்கிறான் என்றேன்.

அம்மா தட்டுவதை நிறுத்தவில்லை.

"அன்னிக்கி நானும் ஒன்னு கேட்டேன்" என்றாள். "அதே பூவுல. வெள்ள வந்தா எம் பொண்ணு போலாம், செவப்பு வந்தா போவக்கூடாதுன்னு."

எனக்குப் புரியக் கொஞ்ச நேரம் ஆனது. செவ்வரளி. வியாபாரியின் கை. அவள் முகம்.

"அப்புறம் ஏன் சொல்லல?"

"சொன்னா நீ நின்னுடுவ."

நான் நின்றிருக்க மாட்டேன் என்று சொல்ல வாயெடுத்தேன், அது பொய். நின்றிருப்பேன். சாமிக்குப் பயந்து அல்ல. ஒன்பது நாள் முடிவெடுக்கத் தெரியாமல் கிடந்தவளுக்கு யாராவது 'போகாதே' என்று சொல்லியிருந்தால் அதுவும் ஒரு முடிவு என்று பிடித்துக்கொண்டிருப்பேன். அவளுக்கு என்னைத் தெரியும். நான் போவதை அவள் விரும்பவில்லை என்பதும், அவள் சாமியும் அவள் பக்கமே நின்றது என்பதும் எனக்கு அப்போதுதான் சேர்ந்து தெரிந்தது. அந்தப் பூ சொன்னதை மனதில் வைத்துக்கொண்டே பாறையில் உட்கார்ந்து, நான் போவதற்காக அவள் விசிறியிருக்கிறாள்.

மின்ட்டுக்கு மாறுகிறேன் என்றபோது ஏன் விடவில்லை என்று கேட்டேன். அவள் முதல் முறையாக நிமிர்ந்து பார்த்தாள்.

"ஒரு பூவுல ரெண்டு கேள்வி. ஒன்னுல அவன் பேச்ச மீறிட்டேன். இன்னொன்னுலயாவது கேட்டோம்னு இருக்கட்டும்னுதான்."

எனக்கு அழுகை வந்தது, கோபமும் வந்தது. உன்னை யார் இப்படிச் செய்யச் சொன்னது, இப்போது நான் எப்படிப் போவேன் என்று கத்தினேன். பெட்டி கட்டு என்றாள். தட்டிய புளியை அள்ளிக்கொண்டு உள்ளே போய்விட்டாள். எட்டாம் நாள் காலை பஸ் வளைவில் ஹாரன் அடித்தது, நான் ஏறினேன். இரண்டு வருடம் எரிந்த வயிறு அன்றைக்கும் எரிந்தது.

இப்போது மாடியில்தான் தங்கியிருக்கிறேன், மழைத்தண்ணீர் வருவதில்லை. அலுவலகத்தில் புதிய லேப்டாப் கொடுத்திருக்கிறார்கள். பயிற்சிக்கு வரும் பிள்ளைகள் எந்த டிஸ்ட்ரோ எடுக்கட்டும் என்று கேட்டால் நான் 'உங்கள் விருப்பம்' என்று சொல்வதில்லை. ஒரு பெயரைச் சொல்லி இதைப் போடு என்கிறேன். என்னைப் போகவிட்டதில் அவள் சாமியிடம் மாட்டிக்கொண்டாள். இங்கே வேலை பிடிக்காத நாளில்கூட விட்டுவிட்டுப் போகலாம் என்று எனக்கு நினைக்க வராது. சாமியோடு பகைத்துக்கொண்டு அனுப்பியவளிடம் போய் எந்த முகத்தோடு நிற்பது? வருடத்துக்கு இரண்டு முறை ஊருக்குப் போகும்போது புங்கமரத்தடியில் நான் தனியாகத்தான் கும்பிடுகிறேன்; அம்மா அந்தக் கல் பக்கம் வருவதே இல்லை. அபராதம் கட்டிவிடலாம், சேவல் அறுத்துப் பொங்கல் வைக்கலாம் என்று எத்தனையோ முறை சொல்லிப் பார்த்துவிட்டேன். தெரிந்தே செய்ததற்கு அபராதம் கிடையாது என்கிறாள்.

ஞாயிற்றுக்கிழமைதோறும் பேசுவோம். அவள் பாறையில் உட்கார்ந்துகொண்டு கூப்பிடுவாள். மாடு, மழை, சாமை விலை எல்லாம் முடிந்த பிறகு, முழங்கால் எப்படி இருக்கிறது என்று கேட்பேன். பரவாயில்லை என்பாள். எந்த வழியாக வந்தாய் என்று அப்புறம் கேட்பேன்.

"மேல் வழியாத்தான்" என்பாள்.